முதுகில் சுமக்கும் வானொலி நிலையம்

நுழையும் முன்

நாம் பிறந்த ஊருக்கும் வாழும் ஊருக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருக்கலாம். அத்தொலைவை ஒரு சிறிய விளக்கு எரியும் அளவு மின்னாற்றலைக் கொண்டே கடக்கும் கலை ஒன்று உண்டு. அதை இப்பாடம் விளக்குகிறது.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் தொடர்வண்டியில், காடும் மலையும் வரும்போது கைப்பேசியின் அலைக்கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியும் ஒரு வானொலிக் கருவிதான். ஆனால் அது அனுப்பும் அலை அருகிலுள்ள கோபுரம் வரைதான் செல்கிறது. அதன்பின் நம் குரலைச் சுமந்து செல்வன மண்ணுக்கடியில் புதைத்த கண்ணாடி இழை வடங்களும், இணைப்பு நிலையங்களும், அவற்றை இரவும் பகலும் இயக்கும் மின்சாரமுமே ஆகும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் கைப்பேசி ஊமையாகிவிடும்.

இடையில் எவரையும், எதனையும் நம்பாமல் ஒரு மனிதரின் கருவி மற்றொரு மனிதரின் கருவியுடன் நேரே பேச இயலுமா? இயலும். அதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். உலகெங்கும் அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர் ‘ஹாம்’. அவர்களுள் சிலர் வானொலி நிலையம் முழுவதையும் ஒரு முதுகுப்பையில் அடக்கிக்கொண்டு, மலையுச்சிக்கும் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் நடந்து சென்று, அங்கிருந்து நாடு கடந்தும் கண்டம் கடந்தும் பேசுகின்றனர்.

பயனற்றவை எனப்பட்ட அலைகள்

இவர்கள் பயன்படுத்துவது சிற்றலை. அலைநீளம் 10 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை உள்ள வானொலி அலைகளைச் சிற்றலை என்கிறோம். அதிர்வெண்ணில் சொன்னால் 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 மெகாஹெர்ட்ஸ் வரை. உங்கள் தாத்தாவோ பாட்டியோ சிற்றலை வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பித் திருப்பித் தொலைநாட்டு நிலையங்களைத் தேடியிருக்கக் கூடும்; கேட்டுப் பாருங்கள்.

இன்று வியப்பாகத் தோன்றும் செய்தி ஒன்று உண்டு. நூறாண்டுகளுக்கு முன் வல்லுநர்கள் இவ்வலைகளைப் பயனற்றவை என்று கருதினர். நெடுந்தொலைவு செல்ல நீண்ட அலையும் மிகுந்த ஆற்றலும் தேவை என்பதே அக்காலத்தவர் நம்பிக்கை. ஆகவே 1912-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட வானொலிச் சட்டம், 200 மீட்டருக்கு மேற்பட்ட நல்ல அலைகளைக் கப்பல்களுக்கும் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை அமெச்சூர்களுக்கு விட்டது. வேண்டாதவருக்கு வேண்டாத நிலத்தைக் கொடுத்தது போன்ற செயல் அது.

அந்தத் தரிசு நிலத்தில்தான் பொன் விளைந்தது. 1923 நவம்பர் இறுதியில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் தெலுவா என்னும் அமெச்சூர், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்த அமெச்சூர்களுடன் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் இருவழியாகச் செய்தி பரிமாறினார். மறு ஆண்டு அக்டோபரில் அதைவிடப் பெரிய செயல் நிகழ்ந்தது. லண்டனில் மில் ஹில் பள்ளியில் இருந்த 18 வயது இளைஞர் செசில் கோய்டர், உலகின் மறுமுனையான நியூசிலாந்தில் ஓர் ஆட்டுப்பண்ணையிலிருந்து இயக்கிய பிராங்க் பெல் என்பவருடன் தொடர்பு கொண்டார். இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நிகழ்ந்த முதல் இருவழி வானொலித் தொடர்பு அதுவே. ஒரு பள்ளியின் கருவி உலகின் மறுமுனையைத் தொட்டது. இதே கோய்டர் 1936-இல் இந்தியாவுக்கு வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார் என்பது நம் நாட்டோடு அவருக்குள்ள தொடர்பு.

வானத்தில் ஒரு கண்ணாடி

குறைந்த ஆற்றலுடைய அலை எவ்வாறு பெருங்கடலைத் தாண்டியது? புவி உருண்டையானது. ஒளியைப் போலவே வானொலி அலையும் நேராகச் செல்ல விரும்புவது. நேராகச் சென்றால் அது தொடுவானத்தைக் கடந்து விண்வெளிக்குப் போய்விட வேண்டும் அல்லவா?

அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது அயனி மண்டலம். தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை, கதிரவனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களைத் தாக்கி அவற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு உரிமையாகத் திரியும் எலக்ட்ரான்கள் நிறைந்த அடுக்கு, சாய்வாக வந்து மோதும் சிற்றலையை வளைத்து மீண்டும் தரைக்கு அனுப்புகிறது. மிக உயரத்திலுள்ள ‘எஃப்’ அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை, ஒரே தாவலில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரை செல்லக்கூடும். தரையில் பட்டு மீண்டும் எழுந்தால் இன்னொரு தாவல். குளத்தில் தட்டைக் கல்லை எறிந்து தவளைப் பாய்ச்சல் விடுவதை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆயினும் இக்கண்ணாடி ஒரே நிலையில் இருப்பதில்லை. பகலில் கீழ்மட்டத்தில் ‘டி’ என்னும் அடுக்கு தோன்றி, 3, 4 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துபோகும். ஆகவே பொதுவாகப் பகலில் 14, 21 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்களும், இரவில் 7 மெகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் நெடுந்தொலைவுக்கு ஏற்றவை. கதிரவனில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை பெருகும் ஆண்டுகளில் உயர் அதிர்வெண்கள் உலகைச் சுற்றி வரும். குறையும் ஆண்டுகளில் அவையே வெறிச்சோடிக் கிடக்கும்.

இதில் புதிர் போன்ற ஒரு விளைவும் உண்டு. தில்லியிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் தில்லியிலிருந்து அழைப்பவரைச் சென்னையில் உள்ளவர் தெளிவாகக் கேட்கலாம். ஆனால் இருநூறு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத ஆக்ராவில் உள்ளவருக்கு ஒன்றுமே கேட்காது போகலாம். தரையை ஒட்டிச் செல்லும் அலை அதற்குள் தேய்ந்துவிடுகிறது. வானில் பட்டுத் திரும்பும் அலையோ ஆக்ராவின் தலைக்கு மேலே தாண்டிச் சென்றுவிடுகிறது. இவ்விடைப்பட்ட பகுதியைத் தாவல் வெளி என்பர். அண்டை வீட்டாருக்குக் கேளாத குரல் அயல்மாநிலத்துக்குக் கேட்கும் விந்தை இது.

பையில் என்ன இருக்கும்?

முற்காலத்தில் சிற்றலைக் கருவியைச் சுமந்து நடந்தவர்கள் படைவீரர்களே. அவர்கள் முதுகில் தாங்கிய கருவிகள் கனமானவை. சிலவற்றின் மின்கலத்தைக் கையால் சுற்றும் இயந்திரம் கொண்டே மின்னேற்றினர். இன்று நிலைமை மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானின் யேசு நிறுவனம் வெளியிட்ட எஃப்.டி.-817 என்னும் கருவி ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடை உடையது. அதன் ஆற்றல் 5 வாட். பேசவும் கேட்கவும் அது ஒன்றே போதும். அமெரிக்காவின் எலக்ராஃப்ட் கே.எக்ஸ்.2 இன்னும் சிறியது. அரைக் கிலோகூட இல்லை.

ஐந்து வாட் என்பது எவ்வளவு? உங்கள் வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் பல இதைவிட மிகுதியான மின்னாற்றலை உண்பவை. வீட்டு நிலையங்களில் பலர் 100 வாட் கருவியைப் பயன்படுத்துவர். இருபது மடங்கு வேறுபாடு இருப்பதால் ஐந்து வாட்டின் குரல் இருபதில் ஒரு பங்காகத் தேய்ந்து கேட்கும் என்று நினைக்கத் தோன்றும். நம் காது அவ்வாறு கணக்கிடுவதில்லை. கருவியின் முகப்பில் அலையின் வலிமையை 1 முதல் 9 வரை காட்டும் அளவி உள்ளது. ஒவ்வொரு படியும் நான்கு மடங்கு ஆற்றலைக் குறிக்கும். ஆகவே இருபது மடங்கு என்பது அந்த அளவியில் இரண்டு படிகளுக்குச் சற்றே மேல். அவ்வளவுதான்.

மின்கலத்தை ஒரு சிறு கணக்கால் தேர்வு செய்யலாம். கேட்கும்போது 0.4 ஆம்பியரும், அனுப்பும்போது 2 ஆம்பியரும் மின்னோட்டம் தேவைப்படும் கருவி ஒன்றைக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 48 நிமிடம் கேட்டு, 12 நிமிடம் பேசினால் செலவாவது 0.32 + 0.40 = 0.72 ஆம்பியர்-மணி. 4.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலம் ஆறு மணி நேரத்திற்கு மேல் தாங்கும். பேச்சைக் குறைத்துக் கேட்பதை மிகுதியாக்கினால் இன்னும் நீளும்.

எஞ்சியிருப்பது ஆன்டெனா. என் கருத்தில் இதுவே பையின் உயிர். விலையுயர்ந்த கருவியும் மோசமான ஆன்டெனாவும் சேர்ந்தால் பயனில்லை. எளிய கருவியும் நல்ல கம்பியும் சேர்ந்தால் கண்டங்களை அடையலாம். கம்பியின் நீளத்தை நீங்களே கணக்கிட முடியும். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 21 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 10 மீட்டர் கம்பியை எடுத்து, நடுவில் வெட்டி, இரண்டு கைகளாக விரித்து, நடுவில் கருவியிலிருந்து வரும் வடத்தை இணைத்தால் அதுவே இருமுனை ஆன்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அவ்வாறே ஏறத்தாழ 20 மீட்டர் தேவை. மெல்லிய செம்புக் கம்பியாதலால் சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். ஒன்றுள் ஒன்று செருகிச் சுருக்கக்கூடிய கண்ணாடியிழைத் தூண்டிற்கோல் ஒன்றை நட்டு, கம்பியின் நடுப்பகுதியை அதன் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் கயிற்றால் தரைப்பக்கம் இழுத்துக் கட்டினால் கூடார வடிவில் நிற்கும்.

சிலர் நடந்துகொண்டே பேசுவர். முதுகுப்பையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரமுள்ள கம்பு ஆன்டெனா நிற்கும். பின்னால் ஒரு நீண்ட கம்பி வால்போலத் தரையில் இழுபட்டு வரும். அந்த வால் விளையாட்டுக்கு அன்று. கம்பு ஆன்டெனாவுக்கு எதிர் இணையாக அமைந்து மின்னோட்டத்தை நிறைவு செய்வது அதுவே. அதைச் சுருட்டி வைத்துவிட்டால் அலை வெகுவாக மெலிந்துவிடும். எதிரே வருவோர் திகைத்து நின்று பார்ப்பதை இவர்கள் பழகிக்கொண்டாக வேண்டும்.

மலை ஏறுவது ஏன்?

உயரம் இருந்தால் நெடுந்தொலைவு தெரியும் என்பது பண்பலைக்கும் கைப்பேசி அலைக்கும் பொருந்தும். சிற்றலையோ வானத்தில் பட்டுத் திரும்புவது. அப்படியாயின் மலை எதற்கு? முதற்காரணம் அமைதி. நகரத்து அடுக்ககத்தில் எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், இன்வெர்ட்டர்கள் ஆகிய அனைத்தும் ஓயாமல் மின்னிரைச்சலை எழுப்புகின்றன. நமக்குக் கேளாத அவ்விரைச்சல் சிற்றலைக் கருவியில் மழை பொழிவது போல் கேட்கும். மெலிந்த குரல்கள் அதில் மூழ்கிவிடும். ஊரை விட்டு நீங்கி ஒரு மலைச்சரிவில் கருவியை இயக்கும்போது அந்த மழை சட்டென ஓய்ந்துவிடும். இரைச்சல் இரண்டு படி குறைந்தால், எதிர்முனையில் உள்ளவர் பதினாறு மடங்கு ஆற்றலைக் கூட்டியதற்கு ஒப்பாகும்.

இதனால் நாம் பிறரைக் கேட்பது எளிதாகும். பிறர் நம்மைக் கேட்க வேண்டுமே! அதற்கு உதவுவது சரிவான நிலம். தரை தாழ்ந்து செல்லும் திசையில் அலை தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் புறப்படும். அத்தகைய அலை நீண்ட தாவலை மேற்கொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடற்கரையும் இதற்குச் சிறந்த இடம்.

மலையுச்சிகளிலிருந்து பேசுவதற்கென்றே 2002-இல் பிரிட்டனில் ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்னும் திட்டம் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. அதன் விதிகள் சுவையானவை. உச்சியை அடையும் இறுதி ஏற்றத்தை ஊர்தியில் அல்லாமல் தன் உடல் முயற்சியாலேயே ஏற வேண்டும். கருவிகளையெல்லாம் தானே சுமந்து செல்ல வேண்டும். எரிபொருளால் இயங்கும் மின்னாக்கி கூடாது. அங்கிருந்து குறைந்தது நான்கு நிலையங்களுடன் தொடர்பு கொண்டால்தான் புள்ளிகள் கிடைக்கும். நான்கு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். குளிர்காற்றில் விரல் விறைக்க, மூன்றோடு நின்றுபோய் நான்காவது குரலுக்காகக் காத்திருப்பவருக்கு அது பெரிய எண்.

வெளியிடத்தில் இயக்குவோர் சிலவற்றில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மின்கம்பிகள் செல்லும் பக்கம் ஆன்டெனாவை எறியவோ கோலை உயர்த்தவோ கூடாது. அது உயிரைப் பறிக்கும். இடியோசை தொலைவில் கேட்டாலே கம்பியை இறக்கிவிட்டுக் கீழிறங்க வேண்டும். பாதையின் குறுக்கே கயிறு கட்டலாகாது. தனியே செல்லாமல் துணையுடன் செல்வது நன்று.

அழைப்பும் மறுமொழியும்

ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு வழங்கும் அழைப்புக்குறி உண்டு. இந்தியாவில் அது வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வி.யு.4, இலட்சத்தீவுக்கு வி.யு.7. முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவர் குறி வி.யு.2ஆர்.ஜி.

பேசத் தொடங்குமுன் அந்த அதிர்வெண்ணில் வேறெவரும் பேசவில்லையா என்று கேட்டறிவது முதல் மரியாதை. பிறகு ‘சி.க்யூ.’ என்று அழைக்க வேண்டும். ‘கேட்போர் எவராயினும் மறுமொழி தருக’ என்பது அதன் பொருள். குறியின் எழுத்துகள் இரைச்சலில் சிதையாதிருக்க, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சொல்வர். மறுமொழி தருபவர், உங்கள் குரல் எவ்வளவு தெளிவு என்பதை ஐந்துக்கும், எவ்வளவு வலிமை என்பதை ஒன்பதுக்கும் மதிப்பிட்டுச் சொல்வார். ‘ஐந்து ஒன்பது’ என்றால் முழு மதிப்பெண். முதுகுப்பைக் கருவிக்குப் பெரும்பாலும் ‘மூன்று மூன்று’ போன்ற மதிப்பெண்தான் கிடைக்கும். அதுவும் கொண்டாடத் தக்கதே. விடைபெறும்போது ‘73’ என்பர். ‘நல்வாழ்த்துகள்’ என்று பொருள். நாள், அதிர்வெண், மதிப்பெண் ஆகியவற்றுடன் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். உலகப் பொது நேரத்தில் எழுதுவது வழக்கமாதலால், நம் கடிகாரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

குரல் எட்டாதபோது கைகொடுப்பது மோர்ஸ் குறி. பேச்சுக்கு ஏறத்தாழ 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலமான இடம் தேவை. குறுகிய ஒலியும் நெடிய ஒலியுமான மோர்ஸுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ போதும். அந்த அளவுக்குக் கருவியின் கதவைச் சுருக்கினால் இரைச்சலும் அவ்வளவு குறைவாகவே நுழையும். ஆகையால்தான் இந்தப் பழைய முறையை மலையேறும் ஹாம்கள் இன்றும் விடவில்லை.

இக்கருவியை எவரும் நினைத்தவுடன் இயக்கிவிட முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தோர் அத்தேர்வை எழுதலாம். எளிய மின்னணுவியலும் வானொலி விதிகளுமே பாடம். உரிமத்தில் குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் இயக்குவதற்கான விதிகளையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஹாம் வானொலியில் வணிகம் பேசக்கூடாது, கூலி வாங்கக்கூடாது, பொருளை மறைக்கும் இரகசியக் குறிகளையும் பயன்படுத்தக்கூடாது.

அருகில் உள்ளோரை அடையும் வழி

முன்னர்க் கூறிய தாவல் வெளி ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. மலைநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டுச் சாலையும் கைப்பேசிக் கோபுரமும் அழிந்துவிட்டன எனக் கொள்வோம். உதவி கேட்க வேண்டியது கண்டங்களுக்கு அப்பால் உள்ளவரிடம் அன்று. மலைக்கு அப்பால் அறுபது கிலோமீட்டரில் உள்ள மாவட்டத் தலைநகரிடம். நேரே செல்லும் அலையை மலை மறைக்கிறது. சாய்வாகச் செல்லும் அலையோ தாண்டிப் போய்விடுகிறது.

இங்குதான் கம்பியைத் தாழ்த்திக் கட்டும் உத்தி பயன்படுகிறது. 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை உயரத்தில் கட்டாமல், தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டரிலேயே கிடையாகக் கட்டிவிட்டால், அலையின் பெரும்பகுதி நேர் மேலே எழும். அயனி மண்டலத்தில் பட்டு, நீரூற்று மேலெழுந்து சுற்றிலும் சிதறுவதுபோல், சில நூறு கிலோமீட்டர் வட்டத்தில் எல்லாப் பள்ளத்தாக்குகளிலும் இறங்கும். அது மேலிருந்து வருவதால் மலை அதை மறைக்க இயலாது. நெடுந்தொலைவுக்குக் குறையாக இருந்த தாழ்ந்த கம்பி, அருகில் உள்ளோரை அடைய நிறையாகிவிடுகிறது.

கடல் சூழ்ந்த தீவில் சிற்றலை என்ன செய்யும் என்பதை 2004 காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் என்பவர் தலைமையில் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து எந்த ஹாமும் பேசியதில்லை; ஆகவே உலகெங்கும் உள்ளவர்கள் அந்த வி.யு.4 குறியுடன் தொடர்பு கொள்ளப் போட்டியிட்டுக்கொண்டிருந்தனர். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன.

விளையாட்டுக்காகக் கொண்டுசென்ற கருவி, அந்த வேளையில் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் வழியாயிற்று. தமிழர் உட்பட, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சென்று குடியேறியோர் வாழும் தீவுகள் அவை. அவர்களுடைய உறவினர் பெருநிலத்தில் செய்தியின்றித் தவித்தனர். ஹாம்கள் கருவிகளுடன் கார் நிக்கோபார் தீவுக்கும் சென்று இயக்கினர். அங்கிருந்து போர்ட் பிளேருக்கும், போர்ட் பிளேரிலிருந்து பெருநிலத்துக்கும் செய்திகள் கைமாறின. வானலையில் சென்றவற்றுள் பெரும்பாலும் நெடிய உரைகள் இல்லை: ஒருவர் பெயர், அவருடைய ஊர், அவர் நலமாக இருக்கிறார் என்னும் செய்தி.